ஏழாவது கழுவல்

செப்டெம்பர் 4, 2023 – திங்கள்
ஆறு பன்றிகள். ஒவ்வொன்றின் விலாவிலும் சிறுகுடலில் இருந்து வெளியே வரும் ஒரு குழாய். தின்ற தீனியின் அமினோ அமிலத்தில் எவ்வளவு உடம்பில் சேர்ந்தது என்று, அந்தக் குழாயால் வருவதைப் பிடித்து அளப்பார்களாம். மாணவி மேனுஜாவின் பட்டத்துக்கான ஆய்வு. தீனி தவிடு. தம்பிமுத்து அண்ணன் பன்றிகளைப் பார்ப்பார், குழாயில் பை கட்டுவார், வந்ததைப் போத்தலில் நிறைத்து அனுப்புவார். போத்தல் கழுவுவது நான். பத்து வருடமாக இந்த ஆய்வுகூடத்தில் என்னென்னவோ கழுவியாயிற்று. இதற்கு மட்டும் கை போக மறுக்கிறது.

செப்டெம்பர் 5
எனக்குக் கையுறை இருக்கிறது. போத்தலுக்கு? பால் சோதிக்கும் போத்தல்களும் அதே தட்டில்தான் காய்கின்றன. பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்து — சின்ன வயதில் குர்ஆன் ஓதப்பள்ளியில் படித்தது. ஆறு தரம் எல்லோருக்கும் முன்னால் தொட்டியில் கழுவினேன். மண்ணை எடுத்தால் சிரிப்பார்கள். ஆட்கள் சோற்றுக்குப் போனபிறகு பின்பக்கக் குழாயடியில் ஏழாவது. பால்மா டின்னில் சாய்ந்தமருதுக் கடற்கரை மண் கொண்டுபோயிருந்தேன். அதைக் கரைத்துக் கழுவி, உதறிக் கவிழ்த்தேன். மனம் ஆறியது.

செப்டெம்பர் 19
இன்றும் இருபத்துநாலு போத்தல்.

ஒக்டோபர் 11
மேனுஜா அழுதாள். தவிட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சமித்து உடம்பில் சேர்ந்ததாகக் கணக்கு வருகிறதாம். எந்தப் பன்றிக்கும் நடக்காதது. எரித்தால் மிஞ்சும் சமிக்காத சாம்பலை வைத்துத்தான் அளக்கிறார்கள். மணலும் அதோடு சேர்ந்துவிடும். சாம்பல் கூடினால் சமித்தது கூடியதாகக் காட்டும். போத்தல்களில் மணல். திரும்பப் பிடிக்கவும் வழியில்லை, ஆய்வு முடிந்ததென்று ஆறையும் போன கிழமையே கொன்று புதைத்தாயிற்று.

ஆய்வுகூடப் பொறுப்பாளர் சேர் சொன்னார்: "தம்பிமுத்து பைய நிலத்துல போட்டிருப்பான். வேற எங்கால மண் வரும்?"

நான் சுவரோடு நின்றேன்.

ஒக்டோபர் 12
தம்பிமுத்து அண்ணனை வேலையால் நிறுத்திவிட்டார்கள்.

ஒக்டோபர் 16
மண்ணை முதல் தரம் போட்டிருந்தால் பின்வரும் ஆறு தண்ணீரிலும் போயிருக்கும். மார்க்கத்தில் பிழை இல்லை. பிழை என் வெட்கத்தில். சொன்னால் வேலை போகும். அவருக்குப் போகல்லையா? நாலு நாளா வாயப் பொத்திக்கிட்டு இருக்கேனே, என்ன மனிசி நான்?

ஒக்டோபர் 18
சேரிடமும் மேனுஜாவிடமும் சொல்லிவிட்டேன். மேனுஜாதான் கதைத்தாள்.

"சுல்பிகாக்கா, என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வேற தட்டுத் தந்திருப்பனே."

ஏசியிருக்கலாம் அவள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும்.

ஒக்டோபர் 22 – ஞாயிறு
மேனுஜாவோடு ஆலையடிவேம்பில் தம்பிமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வேலியடியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். சேர் திரும்ப வரச் சொன்னதாகச் சொன்னோம். மண் கதையைக் கேட்டு என்னைத் தின்னப் போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப அந்த ஆறும் சும்மாவா செத்ததுகள், தங்கச்சி?"

அவர் உள்ளே போய்விட்டார்.

நவம்பர் 20
புதிதாக ஆறு குட்டிகள் வந்தன. தம்பிமுத்து அண்ணன் வரவில்லை. குழாய் வைக்கப் போடும் மயக்க ஊசி ஏறும்வரை இறுக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று சேர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். நான் எழுந்து போனேன். ஆறையும் நான்தான் பிடித்தேன்.