என்ஜின் நின்ற நேரம்

மார்ச் 4

காலை எட்டரைக்குப் பச்சைக் கப்பல் எங்கள் துறைமுகத்தின் ஒன்பதாம் தளத்தில் வந்து நின்றது. பத்து மணிக்குக் கரை மின்சாரம் கொடுத்தாயிற்று. கேபிள் அண்ணன் வழக்கம்போல் செருகியின் வாயைத் துணியால் துடைத்து, உப்பு படிந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மாட்டினார். உப்பை முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது என்று ஆறு மாதமாகச் சொல்கிறேன். அவர் கேட்பதாக இல்லை.

இந்த வழியில் வரும் கப்பல்களில் கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் வசதி உள்ளது இது ஒன்றுதான். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வரும். நிற்கும் நேரம் முழுக்க ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, விளக்கு, பம்பு, குளிர்பெட்டி எல்லாவற்றையும் எங்கள் கம்பியில் ஓட்டிக்கொள்ளும். டீசல் எரியாது, புகை வராது. செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை பதினைந்து முறை, 412 மணி நேரம். என் அறிக்கை போன வாரமே மேலே போய்விட்டது. ஏப்ரல் 3 அன்று குழு கூடுகிறது. இன்னும் மூன்று தளங்களுக்கு இதே வசதி போடுவதா, வேண்டாமா? ‘போடு’ என்று சொல்ல வைக்காமல் நான் ஓயப்போவதில்லை.

இத்தனை பெருமையோடு, துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பில் இருக்கும் வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும் முன்பே அண்ணி ஒரு வெள்ளைத் துணியை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். அண்ணி என் கணவரின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறார். வீட்டிலேயே ஆஸ்பத்திரிக் கோட்டுகள் தைக்கிறார். வெட்டுவதற்கு முன் துணியை நனைத்து, மொட்டை மாடியில் காயப்போட்டுச் சுருங்க விடுவார். துணி முழுக்கக் கரிப்பொட்டு.

“கப்பல அணைச்சுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியற. இது என்ன, கண்மையா?”

வேறு தளத்துக் கப்பலாக இருக்கும் என்றேன்.

“வேற எதுலயும் இன்னிக்குக் கப்பலே இல்ல. மாடியில நின்னு பாத்துட்டுத்தான் வரேன்.”

கணவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவர் எடுக்கும் நிலைப்பாடு எப்போதும் அதுதான்.

மார்ச் 5

அண்ணி சொன்னது சரி.

காலையில் தளத்துக்குப் போய்ப் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெல்லிசாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு புகை. கேபிள் அண்ணனிடம் கேட்டேன்.

“அதா? ஒரு ஜெனரேட்டர் எப்பவும் ஓடிட்டுத்தான் இருக்கும்மா. அவங்களுக்கு ஒரு தைரியத்துக்கு.”

“எப்பலேருந்து?”

“ஒரு தடவ கரண்டு போச்சே, அக்டோபர்ல. அப்பலேருந்து.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலியே. ஃபார்ம்ல செருகின நேரம், கழட்டின நேரம் ரெண்டு கட்டந்தான இருக்கு?”

அந்தப் படிவத்தைத் தயாரித்தது நான். சுருக்கமாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து இரண்டே கட்டம் வைத்ததும் நான்.

மார்ச் 7

மீட்டர் அறையில் உட்கார்ந்து ஆறு மாதப் பதிவுகளைப் பார்த்தேன். கப்பல் உண்மையில் எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்பது மணிக்கு மணி அங்கே இருக்கிறது. யாரும் மறைக்கவில்லை. நான் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். செருகியிருந்த நேரத்தை எடுத்து, கப்பலின் மொத்தத் தேவையால் பெருக்கி, இத்தனை டன் கரியமில வாயு மிச்சம் என்று எழுதிவிட்டேன்.

முதல் மூன்று வருகை முழுசாக நம் மின்சாரம். நாலாவதில் பதின்மூன்று மணி நேரம். பிறகு அந்த அக்டோபர் மின்தடை, பதினொரு நிமிடம். அதற்கப்புறம் பெரும்பாலும் ஜெனரேட்டர்தான். நம் கம்பி சும்மா, மரியாதைக்கு மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

412 இல்லை. 97.

அக்டோபரில் அந்தத் தடையைப் பற்றி நான் எழுதியது மூன்று வார்த்தை: ‘பதினொரு நிமிடம். சரிசெய்யப்பட்டது.’ என்ன சரி செஞ்ச நீ? சுவிட்ச திரும்பப் போட்ட. அவ்வளவுதானே?

மார்ச் 10

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். நல்ல மனிதர். சங்கடம் வந்தால் மட்டும் மேசை மேலிருக்கும் பேனாக்களை அடுக்க ஆரம்பித்துவிடுவார். இன்று அடுக்கினார்.

“நம்பர் மேல போயாச்சும்மா.”

“தப்பான நம்பர் சார்.”

“கப்பல் செருகியிருந்துச்சா இல்லையா? செருகியிருந்துச்சு. அப்புறம் இதுல பொய் எங்க இருக்கு?”

“டன் கணக்குல இருக்கு சார்.”

மூன்று தளமும் கைவிட்டுப் போகும் என்றார். அந்த இடத்தில் துறைமுகத்துக்குப் புது நுழைவாயில் கட்டச் சொல்லிச் சிலர் காத்துக்கொண்டிருக்கிறார்கள், நாமே எடுத்துக் கொடுப்பதா என்றார். அது எனக்கும் தெரியும். நாலு வருஷம் இந்த ஒன்பதாம் தளத்துக்காகக் கத்தியிருக்கிறேன். மூன்றும் போனால் ஒன்பதாவதையும் துருப்பிடிக்க விட்டுவிடுவார்கள்.

திருத்திய அறிக்கையில் அவர் கையெழுத்துப் போடவில்லை. என் கையெழுத்தில் மட்டும் அனுப்பினேன்.

மார்ச் 11

அண்ணி துணிக்கயிற்றை அவிழ்த்து உள்ளறையில் கட்டிவிட்டார். கட்டிலில் சொட்டுகிறது. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 16

பச்சைக் கப்பல் வந்தது. ஏணியில் ஏறி என்ஜின் அறைக்கே போய்விட்டேன். அங்கே பொறுப்பாளர் சீஃப் என்ஜினீயர். எல்லோரும் அவரைச் சீஃப் என்றே கூப்பிடுகிறார்கள். கட்டையான ஆள், மீசையில் பாதி நரை. ஜெனரேட்டர் சத்தத்தில் அவர் காதருகே போய்ப் பேச வேண்டியிருந்தது.

“உங்க கரண்ட நம்பி ஒரு தடவ கெட்டேம்மா. கேப்டன் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரு. பதினோரு நிமிஷம், இருட்டுல. இன்னிக்கும் என்னப் பாத்தா அந்தக் கதையத்தான் முதல்ல சொல்றாரு. எனக்கு மட்டும் டீசல எரிக்கணும்னு ஆசையா?”

அவர் இடத்தில் நானாக இருந்தாலும் ஒரு ஜெனரேட்டரை ஓடவிட்டிருப்பேன்.

“அடுத்த தடவ அணைப்பீங்களா?”

“என்ன மாத்தியிருக்கீங்க, அணைக்க?”

நியாயமான கேள்வி. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

மார்ச் 18

காரணம் கிடைத்துவிட்டது. தளத்தின் நாலு கிரேன்களும் கப்பலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கின்றன. நாலும் ஒரே நொடியில் சுமையைத் தூக்கினால் மின்னழுத்தம் குனிகிறது. நம் பாதுகாப்பு சுவிட்ச் பயந்துபோய்க் கப்பலின் இணைப்பைத் துண்டிக்கிறது. அக்டோபரில் நடந்தது அதுதான்.

ஒரே டிரான்ஸ்ஃபார்மர் போதும் என்று வரைபடத்தில் ஒப்புக்கொண்டது யார்? நானேதான். எந்தப் பக்கம் தோண்டினாலும் நான்தான் அகப்படுகிறேன்.

எட்டாம் தளத்து டிரான்ஸ்ஃபார்மரின் திறனில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது. கிரேன்களை அதற்கு மாற்றிவிடலாம். பத்து மணி நேரம் கிரேன்களை நிறுத்த வேண்டும்.

மார்ச் 20

கிரேன் பிரிவுத் தலைவர்: “பத்து மணி நேரமா? அதுக்கு என்னைத் தூக்கிக் கடல்ல போட்ருங்க.”

நாளை மறுபடியும் போவேன்.

மார்ச் 21

போனேன். மாட்டேன் என்றார். டீ வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 22

சம்மதித்தார். என் தொல்லை தாங்காமல்தான் என்று எழுத்திலேயே கொடுக்கவும் தயாராம். ஞாயிற்றுக்கிழமை, கப்பல் இல்லாத நாள்.

மார்ச் 24

காலை ஆறு முதல் மாலை நாலு வரை வேலை. கேபிள் அண்ணன் விடுப்பில் இருந்தவர், சொல்லாமல் வந்து நின்றார். ஒவ்வொரு முனையையும் முகர்ந்து பார்த்தார். இன்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 28

இன்று நடந்ததை உடனே எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்குச் சீஃபிடம் மாற்றத்தை விளக்கினேன். வரைபடத்தை இரண்டு தடவை பார்த்தார். “தாள்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றார்.

“சரி. நான் உங்க லிஃப்ட்ல ஏறி நிக்கறேன். நீங்க எல்லா ஜெனரேட்டரையும் அணைங்க. நாலு கிரேனும் ஒண்ணா தூக்கட்டும். கரண்டு போச்சுன்னா நான் உள்ள கிடக்கறேன்.”

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. சீஃப் மீசையைத் தடவிக்கொண்டே கேப்டனுக்குப் போன் போட்டார்.

கேப்டன் நேரிலேயே வந்தார். உயரமான, அமைதியான மனிதர். நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டேன். “நான் படியில வரேன்” என்றார்.

லிஃப்ட் கதவு மூடியது. எட்டு மாடி. ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆள் யோசிக்க வேண்டிய அகலம். பாதத்துக்கடியில் இருந்த அதிர்வு குறைந்து குறைந்து நின்றுபோனது. அணைத்துவிட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இருட்டுக்கு இல்லை. இது தவறினால் இனி யாரிடமும் எதையும் கேட்கிற தகுதி எனக்கு இருக்காது, அந்தப் பயம். வாக்கி டாக்கியில் கிரேன் ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகத் தயார் என்றார்கள். பிறகு கேபிள் அண்ணன் குரல்: “தூக்கு.”

விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிமிட்டவில்லை. மூன்று, நாலு, ஐந்து. லிஃப்ட் தன்பாட்டுக்கு ஏறியது. எட்டில் கதவு திறந்தபோது கேப்டன் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். “இன்னொரு தடவ” என்றார். ஆறு தடவை செய்தோம். கடைசி இரண்டு தடவை அவரும் என்னோடு ஏறினார்.

கீழே இறங்கியபோது என்ஜின் அறையில் பேசுவதற்குக் காதருகே போக வேண்டியிருக்கவில்லை. எங்கேயோ ஒரு குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது. சீஃப் ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். சுத்தமான கைதான்.

“கிளம்பற வரைக்கும் ஜெனரேட்டரப் போடமாட்டேன். போதுமா?”

புதுப் படிவத்தை நீட்டினேன். இப்போது நாலு கட்டம். மூன்றாவது: என்ஜின் நின்ற நேரம். அவரே எழுதினார். 11:52.

ஏப்ரல் 3

குழு. ஏழு பேர், நீள மேசை.

“முதல்ல 412ன்னீங்க. இப்ப 97ங்கறீங்க. நாங்க எதை நம்பறது?”

“97ஐ நம்புங்க. 412 என் தப்பு.” எப்படி வந்தது, எதை மாற்றினோம் எல்லாம் சொன்னேன்.

குழுவில் ஓரமாக இருந்த ஓர் அம்மா கேட்டார்: “உங்க கரண்டு மட்டும் எங்கேருந்து வருது? அதுவும் எங்கயோ எரிக்கறதுதானே?”

கிடங்குக் கூரைகளின் சூரியத் தகடுகளிலிருந்து பகலில் ஐந்தில் ஒரு பங்கு, மீதி வெளியிலிருந்து, அதில் எரிப்பதும் இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். வெளியே இருப்பது வருஷா வருஷம் மாறும்போது இந்தக் கம்பி வழியாகத் தானாகக் கப்பலுக்கும் போகும், டீசல் ஜெனரேட்டர் எத்தனை வருஷமானாலும் டீசல்தான் என்றேன். குடியிருப்பின் மேல் விழும் கரி இன்றைக்கே நிற்கும் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

முடிவு: ஒத்திவைப்பு. ஜூன் வரை என்ஜின் நின்ற நேரத்தை மட்டும் கணக்கிட்டுக் கொண்டுவர வேண்டும். அப்புறம் பார்க்கலாம்.

ஏப்ரல் 4

ஒத்திவைப்பு என்றால் மறுப்பு இல்லை. இதைப் பாத்ரூமில் அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன்.

மே 3

நாலாவது வருகை. 27 மணி நேரம் செருகியிருந்தது, 26 மணி நேரம் என்ஜின் நின்றது. அண்ணியிடம் சொன்னேன். “சொல்றது நீ. துணி சொல்லட்டும்” என்றார். கயிறு இன்னும் உள்ளறையில்தான்.

ஜூன் 17

புது அறிக்கை நாளை குழுவுக்குப் போகிறது. ஏழு வருகை. செருகியிருந்தது 193, என்ஜின் நின்றது 186. சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டார். பேனாக்களை அடுக்காமல் ஒன்றை எடுத்து, என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 21

உத்தரவு வந்துவிட்டது. இந்த வருஷம் இரண்டு தளம், அடுத்த வருஷம் மூன்றாவது. நாலு கட்டப் படிவத்தை எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக்கியிருக்கிறார்கள். தனித்தனி டிரான்ஸ்ஃபார்மர் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறது.

மதியமே வீட்டுக்கு வந்தேன். அண்ணி கோட்டுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

“பச்சைக் கப்பல் இந்த வாரம் வரணுமே. வரலியா?”

“நேத்து காலையிலேருந்து நிக்குது அண்ணி.”

தையல் மிஷினை நிறுத்தினார். காது கொடுத்துக் கேட்டார். பிறகு எழுந்து மாடிக்குப் போனார். நேரமாகியும் வரவில்லை என்று நானும் போனேன். கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தார். ஒன்பதாம் தளத்தில் அத்தனை பெரிய பச்சை, சத்தமில்லாமல். அண்ணி சுவரின் மேல் விரலை இழுத்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்தக் கயிற எடுத்துட்டு வா. கடல் பக்கமா கட்டு.”

கட்டினேன். இரண்டு முடிச்சாகப் போட்டேன், அந்தப் பக்கம் காற்று பலம்.