பத்து சென்டிமீட்டர்

தலைமை அலுவலகம், மூன்றாவது மாடி
ஜூலை 3

சரிவு அளவையாளர் அவர்களுக்கு,

இது அலுவலகக் கடிதம் என்பதால் நலம் விசாரிக்கவில்லை. ஆனாலும் இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்கவும்.

ஜூன் மாத அளவுகள் வந்து சேர்ந்தன. படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். சுரங்கம் தோண்டிய மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்த நம் மேட்டில் நூறு இரும்பு ஆணிகள். ஓடைக்கு அந்தப் பக்கம், யாரும் கைவைக்காத குன்றில் இன்னொரு நூறு. ஒவ்வொன்றும் தரைக்கு மேல் சரியாகப் பத்து சென்டிமீட்டர் நிற்கும்படி நாம் இருவரும் பக்கத்தில் நின்று ஆட்களை வைத்து அடித்தது. மழையில் மண் போனால் ஆணி கூடுதலாக வெளியே தெரியும். இந்த வேலையில் இதைத் தாண்டி ரகசியம் ஒன்றும் இல்லை.

குன்றில் வழக்கம்போல் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் போயிருக்கிறது. மேட்டிலும் மார்ச் வரை மாதம் ஐந்தாறு மில்லிமீட்டர் போய்க்கொண்டுதான் இருந்தது. ஏப்ரலிலிருந்து திடீரென்று நூறு ஆணியும் பத்து, பத்து, பத்து. யாருமே கட்டாமல் தானாக உண்டான குன்றைவிட, நம் லாரிகள் எட்டு வருடத்தில் கொட்டியது உறுதியாம். ஆனால் மேட்டின் அடியில் இருக்கும் சேற்றுத் தொட்டியை மாதம் இரண்டு முறை வழித்துக் கொட்டுவதாக நீங்களே எழுதுகிறீர்கள். மேலே மண் போகவில்லை என்றால் அந்தச் சேறு வானத்திலிருந்து விழுந்ததா?

செப்டம்பர் பத்தாம் தேதி குழு கூடுகிறது. மேடு ஆயிரம் வருடம் நிற்கும் என்று நான் கையெழுத்துப் போட்டால், அதன் அடிவாரத்தில் வீடு கட்டி நூறு குடும்பங்களைக் குடிவைப்பார்கள்.

நகரத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வருடம் சொன்னீர்கள். அந்த விண்ணப்பத்தை ஆடுகிற மேசையின் கால் அடியில் நாலாக மடித்த நிலையில் கண்டெடுத்தவள் நான். அதை உங்கள் முகத்தில் எறிந்துவிட்டு முகாமிலிருந்து நகரத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது சொல்லுங்கள், இந்த அளவுகள் நேரில் அளந்தவையா, அறையில் உட்கார்ந்து எழுதியவையா? இதுவும் பொய் என்றால் வேறு ஆளை அனுப்புவேன். நமக்குள்ளும் அத்தோடு முடிந்தது.

இப்படிக்கு,
அறிக்கைப் பிரிவு (உங்கள் மனைவியும்கூட)


சுரங்க முகாம்
ஜூலை 10

அறிக்கைப் பிரிவுக்கும் என் வீட்டுக்காரிக்கும்,

இருவரில் யாருக்குப் பதில் சொல்வதென்று தெரியாததால் இருவருக்குமாக எழுதுகிறேன். இருமல் நின்றுவிட்டது. மருந்து தீர்ந்ததால் நின்றதா, நின்றதால் தீர்ந்ததா தெரியவில்லை.

அறையில் உட்கார்ந்து எழுதினேனாம்! நூறு ஆணிக்கும் நூறு முறை மண்டியிடுகிறேன். என் கால்சட்டை முட்டிகளைப் பார்த்தால் நீயே அழுவாய். நாற்பத்தொன்றாம் ஆணிக்குப் பக்கத்தில் சிவப்பு எறும்புப் புற்று. அறையில் உட்கார்ந்து எழுதுகிறவனை எறும்பு எந்த இடத்தில் கடிக்கும்? கடித்த இடத்தைக் கடிதத்தில் எழுத முடியாது. அளவுகோலில் பத்து என்றுதான் இருக்கிறது. அது ஏன் என்று எனக்கும் விளங்கவில்லை, அதற்காகப் பதினொன்று என்று எழுதினால் அதுதானே பொய்?

மற்றபடி இங்கே சௌகரியம். தகரக் கதவு இப்போது முனகுவதில்லை. ஜன்னல் கொக்கி ஒழுங்காகப் பூட்டுகிறது. நாற்காலி நாலு காலில் நிற்கிறது. மேசை மட்டும் நீ எறிந்த அந்தக் காகிதத்தின் மேல்தான் நிற்கிறது, அதை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டீ ஆறுகிறது என்று கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

எறும்புக்கடிக்குச் சாட்சியாக,
உன் வீட்டுக்காரன்


தலைமை அலுவலகம்
ஜூலை 17

எறும்பு கடித்தவருக்கு,

அறிக்கைப் பிரிவை வெளியே அனுப்பிவிட்டு மனைவி மட்டும் எழுதுகிறேன்.

தொட வேண்டாம் என்று யாரிடம் சொன்னீர்கள்? டீ ஆறுகிறது என்று கூப்பிட்டது யார்? கல்யாணமான நாளிலிருந்து முனகிய கதவுக்கு நீங்களே எண்ணெய் விட்டீர்கள் என்று என் காதில் பூ சுற்ற வேண்டாம். உங்கள் கை வளம் எனக்குத் தெரியாதா? அங்கே யார் இருக்கிறார்கள்? கெட்டிக்காரியாகத்தான் இருக்க வேண்டும், நாற்காலியைக்கூடச் சரிசெய்கிறாளே.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். உங்கள் அளவுகளைக் கணினியில் போட்டேன். மேடு ஆயிரம் வருடம் அசையாமல் நிற்கிறது என்றது. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். சேற்றைப் பற்றிக் கேட்கலாமென்று வாயைத் திறந்தேன், எல்லோரும் கைதட்டியதில் மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் பேசவும் ஆளில்லை. மார்ச் கடைசியில் அப்பா அண்ணன் வீட்டுக்குப் போனவர், ஒரு வரி எழுதவில்லை. தெரியும்தானே, சுத்தியலை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தட்டிக்கொண்டே நடப்பார். ஒருநாள், "அப்பா, கொஞ்சம் தட்டாம இருங்களேன், தலை வெடிக்குது" என்றேன். மறுநாள் பெட்டியோடு நின்றார். இப்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அதற்கும் தலை வலிக்கிறது.

உண்மையை எழுதுங்கள்.
உங்கள் மனைவி


சுரங்க முகாம்
ஜூலை 24

அன்புள்ள உனக்கு,

உண்மை இதுதான். ஆணிகளை அடித்தது நான்.

மழை பெய்து மண் போனதும் அவை வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. பார்க்க நன்றாக இல்லை. அதனால் தினமும் காலையில் போய் ஒவ்வொன்றையும் பத்து சென்டிமீட்டருக்கு இறக்கி அடித்துவிட்டேன். நூறும் நேராக, ஒன்றுகூடத் தலை நசுங்காமல் அடித்தேன். மாதக் கடைசியில் அளந்தால் பத்துதானே இருக்கும்? யாருக்கும் இதில் பங்கில்லை. யாரையும் விசாரிக்க வேண்டாம். குழுவுக்கு என் பெயரையே எழுது.

இத்துடன் மாற்றல் விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன். அதேதான். மடிப்புத் தழும்புக்கும் மேசைக்கால் பதிந்த வட்டத்துக்கும் மன்னிக்கவும். இந்தமுறை நிஜமாகவே அனுப்புகிறேன். நகரத்தில் பெருக்கும் வேலை கொடுத்தாலும் செய்கிறேன்.

மேசை ஆடுவதால் எழுத்து கோணல்.

உன்
வீட்டுக்காரன்


தலைமை அலுவலகம்
ஜூலை 31

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி தண்ணீர் கொண்டுவந்தாள்.

நூறு ஆணியை நேராக அடித்தீர்களா? கல்யாணமான புதிதில் நாட்காட்டி மாட்ட ஓர் ஆணி அடித்தீர்கள். முதல் ஆணி வளைந்தது, இரண்டாவது சுவரோடு பெயர்ந்தது, மூன்றாவது உங்கள் கட்டை விரலில் இறங்கியது. அந்த வருடம் முழுக்க நாட்காட்டி நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. நீங்கள் அடித்திருந்தால் மேட்டில் நூறு கொக்கிகள் அல்லவா முளைத்திருக்கும்?

தலை நசுங்காமல் ஆணி அடிக்கும் ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். முப்பத்தேழு வருடம் ரயில் பாதையில் தினமும் விடியற்காலையில் நடந்து, தளர்ந்த ஆணிகளை அடித்து இறுக்கிய மனிதர். அண்ணனுக்குத் தொலைபேசி போட்டேன். "அப்பாவா? அவர் மாப்பிள்ளைகிட்ட இருக்கார், உனக்குத் தெரியாதா?" என்கிறான். எனக்குத் தெரியாதாம்!

ஆக, என்னிடம் சொல்லக் கூடாதென்று அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார். நீங்கள் வேலையும் போகட்டும், பெண்டாட்டியும் போகட்டும் என்று பழியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டீர்கள். இவ்வளவு மட்டமான பொய்யை நான் பார்த்ததில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நாளைக் காலை மேலதிகாரி அறைக்குப் போய் என் ஆயிரம் வருடத்தைத் திரும்ப வாங்கப்போகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

உங்கள்
மனைவி


சுரங்க முகாம்
ஆகஸ்ட் 7

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

குட்டு உடைந்தது. சத்தியம் வாங்கியவரிடமும் சொல்லிவிட்டேன்.

சேறு வானத்திலிருந்து விழுந்ததா என்று கேட்டாயே, அது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. இரண்டாவது கடிதமும் வந்த பிறகு, ஒருநாள் விடியும்போதே எழுந்து மேட்டுக்குப் போனேன். மாமா உலாவப் போகிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பனியில் ஒரு சத்தம் கேட்டது. டங், டங், கொஞ்சம் இடைவெளி, டங். பத்து சென்டிமீட்டருக்கு வெட்டிய மரத்துண்டை ஆணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அடித்து, மறுபடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, என்ன செய்றீங்க?"

"வாங்க மாப்ளே. பத்து இருக்கணும்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க? இங்க ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. மழை வந்தா எல்லாம் தளர்ந்துடுது. நீங்க ஏழு மணி வரைக்கும் தூங்குறீங்க, மேலிடத்துல பார்த்தா உங்க வேலை போயிடாதா?"

"அந்தக் குன்றுல அடிக்கலையா?"

"ஓடையைத் தாண்ட முட்டி விடல. அதுவுமில்லாம அங்க அவ்வளவா தளரல, நல்ல மண்ணு."

கண்ணம்மா, நம் அலுவலகம் மூன்று வருடம் ஆராய்ந்து எழுதவேண்டியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அப்போது அவரிடம் விவரம் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் உனக்கு அந்தப் பொய்யை எழுதினேன்.

நேற்று உன் கடிதத்தை வைத்துக்கொண்டு எல்லாம் சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டார். "முப்பத்தேழு வருஷம் ஒரு ஆணியைக்கூட நான் தப்பா தொட்டதில்ல மாப்ளே. கடைசியில என் பொண்ணு வேலையிலயா கை வெச்சேன்?" என்றார். இரவும் சாப்பிடவில்லை. பதினெட்டாம் தேதி, செவ்வாய் வண்டியில் கிளம்புகிறாராம். எங்கே என்று கேட்டால் பெட்டியைத் துடைக்கிறார். அவரை எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. நீ ஒரு வார்த்தை எழுது.

உன்
அத்தான்


தலைமை அலுவலகம்
ஆகஸ்ட் 11, அவசரம்

அன்புள்ள அத்தானுக்கு,

இதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

மேலதிகாரி என்னை வெளுத்து வாங்கிவிட்டார். நான் சேற்றுத் தொட்டிக் கணக்கை எடுத்து மேசையில் வைத்தேன். அந்தச் சேற்றை வைத்துப் பார்த்தால் மேடு ஆயிரம் வருடம் அல்ல, முப்பது வருடத்தில் நடுவில் பிளந்து ஓடைக்கு வந்துவிடும். அடிவாரத்தில் வீடு கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். மேட்டின் சரிவை உடைத்து, அந்தக் குன்றைப் போலவே வளைவும் மேடுபள்ளமுமாகத் திருத்தி, ஆணிகளைப் புதிதாக அடித்து, இரண்டு முழு மழைக்காலம் அளக்க வேண்டுமாம். மேற்பார்வைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் முகாமிலேயே தங்க வேண்டுமாம். தண்டனையாக என்னைத்தான் போடுகிறார்கள். முகத்தை அழுவதுபோல் வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்பா, கோபித்துக்கொண்டு வண்டி ஏறியது ஒரு முறை போதும். செவ்வாய்க்கிழமை வண்டியில் ஏற வேண்டாம், அதிலிருந்து நான்தான் இறங்கப்போகிறேன். பெட்டி கனமாக இருக்கும், வந்து ஒரு கை பிடியுங்கள். மேட்டுக்கு நூறு புது ஆணி வருகிறது. நேராக அடிக்க உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை. அடித்தபிறகு மட்டும் தொடக் கூடாது. கை துறுதுறுத்தால் தகரக் கொட்டகை இருக்கிறது, நாள் முழுக்கத் தட்டுங்கள். தலை வலித்தால் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். உங்கள் சத்தம் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை அப்பா.

இனி வருவது அத்தானுக்கு மட்டும். அப்பாவை டீ போட அனுப்பிவிட்டுப் படியுங்கள்.

மாற்றல் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பழைய மடிப்பிலேயே நாலாக மடித்திருக்கிறேன். நான் வருவதற்குள் எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். இரண்டு மழைக்காலம் அந்த மேசையில் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது, அது ஆடக் கூடாது.

உங்கள்
கண்ணம்மா