அணைக்காத கற்பூரம்

இண்டூர்
தாது வருஷம், தை மாதக் கடைசி

சிரஞ்சீவி காளியப்பனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை பாஞ்சாலியும் உடம்புக்குச் சுகம், சிவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, ரங்கூனில் உன் இருமல் விட்டதா என்று எழுது. வெள்ளைக்காரன் வைத்த சட்டசபைக்கு நீயுமா ஓட்டுப் போடப்போகிறாய் என்று கேட்டிருந்தாய். நியாயம்தான். கள்ளுக்கடை மறியலுக்காக வேலூர் ஜெயிலில் வைத்தார்கள், அங்கே எழுத்துக் கற்றேன், எழுதத் தெரிந்த பெண்பிள்ளை என்று அதே சர்க்கார் இப்போது ஓட்டுக் கொடுக்கிறது. போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன்.

என் அண்ணன், உன் மாமன், சிவப்பு ஓட்டுப் பெட்டிக்கு நிற்கிறார். சேலத்து வக்கீல் ஒருவர் மஞ்சள் பெட்டிக்கு. அண்ணன் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார், அதை உள்ளங்கையால் அணைத்துவிட்டால் அவருக்கே ஓட்டு என்று சத்தியம். சித்தேரி மலைக் காளியனின் ஆடுகளைக் காட்டிலாகா பிடித்து அடைத்தபோது அண்ணன்தான் பேசி மீட்டுக் கொடுத்தார், அது பொய்யில்லை. மறைவில்தானே போடப்போகிறாய், யார் பார்க்கப்போகிறார்கள் என்று காளியனிடம் கேட்டேன். "கற்பூரத்த அணைச்சுப்புட்டேனுங்க ஆத்தா, இனி அந்த மஞ்சப் பெட்டிகிட்டப் போனா கை வெந்துபோயிருமுங்க" என்றான். நாளைக்கு மாமனே அவன் மலையைக் கேட்டாலும் அந்தக் கை தடுக்க எழும்பாது.

வக்கீலை நான் நம்பவில்லை. கள்ளுக்கடையை மூடுவேன் என்கிறார், மூடாவிட்டால் உங்கள் வீட்டு வாசலிலும் வந்து உட்காருவேன் என்றேன். "வாங்கம்மா, வெயிலுக்குப் பந்தல் போட்டு வெக்கிறேன்" என்று சிரித்தார். நான் மஞ்சள் பெட்டியில் போட அவ்வளவுதான் காரணம். யார் ஜெயித்தாலும் எதிர்த்து உட்கார ஒரு வாசல் வேண்டும். அண்ணன் வாசலில் நான் தங்கச்சி, காளியன் உதவி வாங்கினவன். அங்கே உட்கார இடமில்லை.

நேற்றுத் தட்டு நம் வீட்டுக்கும் வந்தது. நான் கை நீட்டவில்லை. கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. "பங்குனியில உம்பொண்ணு நெத்திக்குப் பட்டம் கட்ட வேற மாமனைத் தேடிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தாய்மாமன் பட்டம் கட்டாமல் ஒரு பெண்ணை மணையில் உட்காரவைத்தது நம்மில் இல்லை. பாஞ்சாலி அழவில்லை. இன்று காலை என் கதர்ச்சேலை துவைத்துக் கொடியில் கிடந்தது. நாளை மறுநாள் ஓட்டு.

கல்யாணத்துக்கு வந்துவிடு. வந்ததும் முதலில் மாமன் வீட்டுக்குப் போ, பட்டத்தைப் பற்றிக் கேட்காதே, எனக்காகவும் பேசாதே, காலில் விழுந்து கும்பிடு. உன்னைத் தூக்கி வளர்த்த கை அது.

மாரியம்மன் உன்னோடு இருப்பாள். இருமலுக்கு மிளகு போட மறக்காதே.

உன் அம்மா
செல்லம்மாள்