குன்றிமணியில் மூன்று அதிர்வுகள்

நாள் 61, காலை 9.10

எழுதுவது பொற்கொடி, நில அதிர்வு ஆய்வாளர். இடம் குன்றிமணி. இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு விண்கல். பெயர் நாங்களாக வைத்தது. ஆட்கள் இரண்டே பேர், நானும் துளைப்புப் பொறியாளர் இசக்கிராஜாவும். எங்களை அழைத்துப்போகும் கப்பல் வர இன்னும் மூன்று மாதம்.

அதிர்வுமானி இன்றும் ஊமை. வந்ததிலிருந்து இந்தக் கல் ஒரு தடவைகூட முனகவில்லை. ஒரே ஒரு அதிர்வு கிடைத்தாலும் உள்ளே என்ன இருக்கிறதென்று ஓரளவு சொல்லிவிடுவேன். வேண்டுமானால் வெளியே போய் ஒரு குதி குதிக்கட்டுமா என்று இசக்கி கேலி செய்கிறான். குதித்தால் திரும்பி வரமாட்டான், இங்கே ஈர்ப்பு அவ்வளவு சொற்பம். கையிலிருந்து ஒரு ஸ்பூனை விட்டால் அது தரையைத் தொட ஒரு நிமிடம் ஆகும். அதனால்தான் வெளியே இடுப்புக் கயிறு கட்டாயம்.

நாள் 61, காலை 11.25

இசக்கி தரையை விட்டுப் போய்விட்டான்.

சுத்தியல் கைநழுவியது. அது விழட்டும் என்று சும்மா நின்றிருக்கலாம். ஆனால் பூமியில் பழகின உடம்பு, பாய்ந்து பிடிக்கத்தான் பார்த்தது. கயிறு எட்டவில்லை என்று கொக்கியைக் கழற்றினான். சுத்தியலைப் பிடித்தும் விட்டான். அப்புறம் தடுமாறினான். தடுமாறினால் யாராக இருந்தாலும் காலை ஊன்றுவோம், அவனும் ஊன்றினான். அந்த ஓர் ஊன்றலில் ஆள் மேலே.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதன் நடக்கிற வேகத்தில் போனான். நான் உடையை மாட்டி வெளியே வருவதற்குள் எந்தக் கயிறும் எட்டாத உயரம். முதுகில் மாட்டிக்கொண்டு பறக்கிற உந்துபை ஒன்றுதான் இருந்தது, அதுவும் போன மாதமே பழுது.

கணக்குப் போட்டேன். ஈர்ப்பு அவனைத் திரும்ப இழுத்துவிடும். ஆனால் அதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். அவனிடம் இருக்கும் காற்று எட்டு மணி நேரத்துக்கு. பூமிக்குச் செய்தி அனுப்பினேன். அவர்களால் அனுதாபம்தான் அனுப்ப முடியும்.

நாள் 61, மதியம் 12.05

ஒரு வழி இருக்கிறது. கையிலும் இடுப்பிலும் இருக்கும் கருவிகளை அவன் பலமாக மேலே எறிந்தால், எறிந்த உதைப்பில் அவன் கீழே வருவான். சொன்னேன். ரேடியோவில் அவன் பதில்:

"யக்கா, எது மேல? உருண்டுக்கிட்டே இருக்கேன். காலுக்குக் கீழயும் கருப்பு, தலைக்கு மேலயும் கருப்பு. ஒண்ணும் புடிபட மாட்டேங்கு."

இந்தப் பக்கம் இப்போது இருட்டு. பூமியில் கண்ணை மூடிக்கொண்டாலும் கீழே எதுவென்று தெரியும். பாதம் சொல்லும், காதுக்குள் இருக்கும் நீர் சொல்லும். அங்கே இரண்டும் வாயை மூடிக்கொண்டன. எங்கள் ஆய்வுக்கூடத்தின் எல்லா விளக்குகளையும் போட்டேன்.

"விளக்கு தெரியுற பக்கம்தான் கீழ. அதுக்கு நேர் எதிரா எறி."

"தெரியுதுக்கா! கண்ணாடியில பனி புடிச்சிருக்கு, மங்கலாத்தான் இருக்கு. லேசா நீலமா."

நம் விளக்கும் அந்த நிறம்தான். "அதேதான், எறி" என்றேன்.

நாள் 61, மதியம் 12.30

துளைப்பானை எறிந்தான், மின்கலப் பெட்டியை எறிந்தான், கடைசியாக அந்தச் சனியன் பிடித்த சுத்தியலை. "யக்கா, சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன், ரசம் வைங்க" என்கிறான். பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றுவதற்குப் பெயர் ரசம் வைப்பதாம். சிரித்துவிட்டேன்.

இன்னொரு செய்தி. அதிர்வுமானி பேசிவிட்டது! சிறிய அதிர்வுகள், மூன்று. இத்தனை நாள் வாயைத் திறக்காத கல் இன்று பார்த்துத் திறந்திருக்கிறது. இசக்கி வந்ததும் முதலில் இதைத்தான் காட்ட வேண்டும்.

நாள் 61, மதியம் 2.15

கிட்டே வருகிறான் என்றால் ரேடியோவில் அவன் குரல் வலுக்க வேண்டும். தேய்ந்துகொண்டே போகிறது.

அதிர்வுப் பதிவைத் திரும்பப் பார்த்தேன். கல்லின் உள்ளே இருந்து வந்தவை அல்ல. மேலே இருந்து விழுந்த அடிகள். முதலாவது கனமானது. கடைசி, ஒரு சுத்தியல் அளவு.

வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். உச்சிக்கு நேராக, மற்ற எல்லா நட்சத்திரங்களையும்விடப் பிரகாசமாக, லேசான நீலத்தில் பூமி.

அதைத்தான் விளக்கு என்று நினைத்திருக்கிறான். அதேதான் என்று சொன்னது நான். அதற்கு எதிர்ப்பக்கம் என்று எல்லாவற்றையும் எங்கள் தலையில் எறிந்து, அந்த உதைப்பில் குன்றிமணியின் பிடியையே தாண்டிவிட்டான். இனி எறிவதற்கு அவன் கையில் ஒன்றும் இல்லை.

நாள் 61, மாலை 4.00

"யக்கா, எறங்கிக்கிட்டுதான இருக்கேன்?"

கடவுளே.

"ஆமா இசக்கி. நேரா வந்துகிட்டு இருக்க."

"அப்பாடா. ரசத்துல மொளகு தூக்கலாப் போடுங்க."

இருக்கிற மிளகுத்தூளை எல்லாம் கொட்டினேன். அவன் குரல் கேட்கிறவரை பேசிக்கொண்டே இருந்தேன். அம்பாசமுத்திரத்தில் அவன் தங்கை கல்யாணத்தைச் சொன்னான். சாப்பாடு பத்தாமல் போய் மாப்பிள்ளையே பரிமாறினாராம்.

நாள் 61, மாலை 6.50

"வெளிச்சம்... பெருசா ஆயிட்ட மாதிரி... வந்துட்டேன்னு நெனைக்கேன்க்கா... கதவத்..."

அதன் பிறகு இரைச்சல். உடையை மாட்டிக்கொண்டு, வெளிக்கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன்.

நாள் 62, காலை 10.20

ரசம் இரண்டு பொட்டலம். இரண்டும் அப்படியே இருக்கின்றன.

வெளியே போய்த் தரையில் மல்லாந்து படுத்தேன். எடையே இல்லாத முதுகு, அடியில் ஒரு கல் இருப்பதாகவே நினைக்கவில்லை. பூமியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று எல்லாம் புரண்டது. நான் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், பூமி கீழே, வெகு ஆழத்தில். இசக்கி அதை நோக்கி நேராக இறங்கிக்கொண்டிருக்கிறான். நேற்று அவனிடம் பொய் சொல்லிவிட்டேன் என்று அழுதேனே, அது பொய்யே இல்லை.

என் கை இடுப்புக் கொக்கியில் இருந்தது. எப்போது போனதென்று தெரியவில்லை. கொக்கி பாதி திறந்திருந்தது.

மாட்டிவிட்டேன். உள்ளே வந்துவிட்டேன். இதை எழுதும்போது மேசைக்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கப்பல் வர மூன்று மாதம். ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று.

அதிர்வுமானி ஊமை.