கடைசி ஆறு பக்கம்

அக்கா,

மழை விட்டு வெயில் வந்ததும் துணிகளைக் காயப்போடலாமென்று இன்று காலை பீரோவின் கீழ்த்தட்டைக் காலிசெய்தேன். நீங்கள் தைத்த மூன்று ரவிக்கைகளும் பையோடு கையில் தட்டுப்பட்டன. அரக்கு, கிளிப்பச்சை, நீலம். மூன்றிலும் இன்னும் மெஷின் எண்ணெய் வாசனை இருக்கிறது. உட்புறம் திருப்பிப் பார்த்தால், பக்கத் தையலைப் பிரித்த இடத்தில் ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன. இனிப் பிரித்துவிட அதில் துணி இல்லை. யாரும் போட்டுக்கொள்ளாத ரவிக்கைகள். அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் உங்களிடம் முதலில் வந்தது ரவிக்கைக்காகத்தான், கதைக்காக இல்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் உங்கள் மெஷின். சொன்ன நாளில் நீங்கள் என்றைக்கு ரவிக்கை கொடுத்திருக்கிறீர்கள்? சனிக்கிழமை மதியம் வந்தால் "தோ, கொக்கி மட்டும்தான் பாக்கி" என்பீர்கள். பார்த்தால் கையே வைத்திருக்க மாட்டீர்கள். காத்திருக்கிற நேரத்துக்காக மயிலாப்பூர் வாடகை நூலகத்தில் எடுத்த நாவலைக் கொண்டுவந்து படிப்பேன். ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள்.

"வாய்க்குள்ளயே படிச்சிக்கினு நீ மட்டும் சிரிக்கிறியே. இன்னா கீது அதுல? வெளிய படி, எனுக்கும் கேக்கட்டும்."

மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் நீங்கள். பஸ் பலகை படிப்பீர்கள், அளவு நோட்டில் பெயர் எழுதுவீர்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து சனிக்கிழமை மதியமெல்லாம் நமக்குக் கதைதான். பாபின் தீர்ந்தால் நான் நிறுத்துவேன். நீங்கள் நூல் சுற்றி மாட்டியதும் தொடங்குவேன். பிடிக்காத கணவன் ஒருவன் கதையில் வந்துவிட்டால் அவனைத் திட்டி முடிக்கிறவரை நான் காத்திருக்க வேண்டும். "இவளுக்கு அறிவே கெடையாதா? மறுபடியும் அவன் கூடவே போறாளே" என்று என்னோடு சண்டைக்கு வருவீர்கள், நானே எழுதியதுபோல. நாலு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். தனியாக இருந்தால் ஒரு மணியில் அறுபது பக்கம் ஓட்டுகிறவள் நான். ஆனால் அப்படி ஓட்டிய புத்தகம் ஒன்றும் இன்று நினைவில் இல்லை. உங்களோடு படித்தது வரி வரியாக இருக்கிறது.

உங்கள் மகள் பத்தொன்பது வயதில், எண்ணூர்ப் பையனைக் கட்டிக்கொண்டு போனது அந்த நாட்களில்தான். "இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்று சொன்னது நீங்கள். சொல்லிவிட்டுத் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நீங்கள்தான். அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்பதுகூட உங்களுக்குத் தெரியும். போகவில்லை.

அப்போது நாம் படித்துக்கொண்டிருந்த நாவலிலும் ஒரு தாய், வீட்டைவிட்டுப் போன ஒரு மகள். நான் வேண்டுமென்று எடுத்ததில்லை, அட்டை நன்றாக இருந்தது என்று எடுத்தேன். புத்தகம் வைத்திருக்கிறவளுக்கு ஒரு வசதி உண்டு அல்லவா, முந்தின நாளே கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். தாய் போகமாட்டாள். மகள்தான் வரவேண்டும் என்று ஜன்னலருகே உட்கார்ந்தே இருப்பாள், உட்கார்ந்தபடியே செத்துப்போவாள். மகள் வரும்போது வீடு பூட்டியிருக்கும். ஆறு பக்கம்.

சனிக்கிழமை அந்த ஆறு பக்கத்துக்கு வந்தோம். நீங்கள் மெஷினை ஓட்டவில்லை. துணி மடியில் கிடந்தது, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. கண்ணை வரிகளில் ஓடவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒரு சாயங்காலம் மகள் இடுப்பில் குழந்தையோடு வந்து நிற்கிறாள், தாய் வேறெதுவும் கேட்காமல் "சாப்ட்டியா" என்கிறாள் என்று முடித்தேன். இடையில் மறக்காமல் பக்கம்கூடத் திருப்பினேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

நீங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். "பாத்தியா, வந்துட்டா. பெத்தவ தேடிக்கினு போவக்கூடாது. அதுவாதான் வரும்."

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அந்தப் பொங்கலிலிருந்து வருடத்துக்கு ஒரு ரவிக்கை அவளுக்காகத் தைத்தீர்கள். அளவு அவளுடைய பத்தொன்பது வயது அளவு. உள்ளே மட்டும் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் அதிகமாகத் துணி விட்டீர்கள். "புள்ள பெத்திருப்பா, ஒடம்பு போட்டிருக்கும். வந்தா பிரிச்சி வுட்டுக்கலாம்." அந்தக் கதையை நீங்கள் அவ்வளவு நம்பினீர்கள். நான் எதிரில் உட்கார்ந்து கொக்கி மாட்டும் காஜா எடுக்க உதவிக்கொண்டிருந்தேன்.

பிறகு உங்கள் வீடு இருந்த ஆற்றோரத்து வரிசையையே இடித்தார்கள், உங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். மெஷினும் உங்களோடு போயிற்று. இரண்டு பஸ் மாறி இரண்டு தடவை வந்தேன். மூன்றாவது தடவை ஒரு இயர்போன் வாங்கி வந்து, உங்கள் போனில் ஒலிநூல் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, "இனிமே எல்லாக் கதையும் இதுலயே கேக்கலாம்க்கா, நான் எதுக்கு?" என்றேன். நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

கேட்கப் பழகிவிட்டீர்கள். போனில் குறை சொல்வீர்கள். "அந்தம்மா மூச்சு வுடாம படிக்கிறாங்க. பாபின் மாத்தறதுக்குள்ள யாரோ செத்துப் பூட்டாங்க. இன்னாத்துக்குன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குது." எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். காகிதம்தான் உசத்தி, பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற குரல்தான் குரல் என்று அலுவலகத்தில் பெரிதாகப் பேசுவேன்.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டீர்கள்.

"அந்த அம்மா பொண்ணு கதை கேட்டேன். பொண்ணு வர்லியே."

சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தேன்.

"அந்தம்மா தப்பா படிக்கிறாங்களா, இல்ல நீயா?"

"நான்தான்க்கா."

உங்கள் மெஷின் சத்தம் நின்றது. பிறகு "சரி, வெச்சிரு" என்றீர்கள்.

மறுநாள் காலை ஏழு ரவிக்கைகளையும் பையில் போட்டுக்கொண்டு எண்ணூருக்குப் போனீர்கள். ஒரே நாள் வேலை, அக்கா. ஏழு வருடமும் அது ஒரே நாள் வேலையாகத்தான் இருந்தது. பேரன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான், அவன் பிறந்ததே உங்களுக்குத் தெரியாது.

நிறைய யோசித்துவிட்டேன். எந்த ஊரிலோ, ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து ஒலிநூலுக்காகப் படித்த அந்தப் பெண்ணுக்கு உங்கள் முகம் தெரியாது. தெரியாததால் இருப்பதைப் படித்தார். எனக்குத் தெரிந்தது, நான் பொய் படித்தேன். இரக்கத்தால் செய்தேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். இரக்கம் மட்டும் இல்லை. உங்களால் அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சரிபார்க்க முடியாது என்ற தைரியமும் அதில் இருந்தது. அதுதான் என்னை அறுக்கிறது.

ஒரு வாரம் கழித்து நீங்களே கூப்பிட்டீர்கள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பேரன் உங்களை விடவே மாட்டேன் என்கிறானாம். கடைசியில் சொன்னீர்கள்: "கோவம்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு தபா வா. அந்தக் கடைசிய உன் வாயால படி. இருக்கறத இருக்கறபடியே படி."

வருகிறேன் என்றேன். அந்தச் சனிக்கிழமை மழை. அடுத்தது முழங்கால் வலி. அப்புறம் ஆடிட் வேலை. உண்மையில் எனக்கு வெட்கம், உங்கள் எதிரில் உட்கார வெட்கம். பத்து மாதம் அப்படியே தள்ளினேன். நாலு நாள் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் மகள்தான் போனில் சொன்னாள்.

பதினாறாம் நாள் அவள்தான் இந்தப் பையை என் கையில் கொடுத்தாள். "கடைசி நாலும் பிரிச்சி வுட்டா சரியா கீதுக்கா. மொத மூணும் எவ்ளோ பிரிச்சும் பத்தல. சொம்மா வச்சிக்கினு இன்னா பண்றது? நீங்க ஒல்லியா கீறீங்க, போட்டுக்கோங்க." அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அளவு எனக்குச் சரியாகத்தான் இருக்கும். ஒரு நாளும் கையை நுழைத்துப் பார்த்ததில்லை.

போன வாரம் உங்கள் மகள் கூப்பிட்டாள். "எங்கம்மா ஒரு கதைய கேட்டுட்டு நேரா என்னாண்ட வந்துச்சாமே. அத எனுக்குப் படிச்சிக் காட்டுங்கக்கா. போன்லயும் கேக்கலாம், ஆனா நீங்க படிச்சா கதைல வர்ற ஆளுங்க பக்கத்துல வந்து குந்திக்கினு இருக்கற மாரி இருக்கும்னு அம்மா சொல்லும்."

தி.நகரில் நாலு கடை ஏறி அந்தப் புத்தகத்தை வாங்கிவிட்டேன். நாளை சனிக்கிழமை, எண்ணூருக்குப் போகிறேன். ரவிக்கைகளையும் எடுத்துப்போகிறேன், அவை ஏன் வருடக்கணக்கில் கிடந்து பத்தாமல் போயின என்று சொல்லவேண்டும். அந்த ஆறு பக்கத்தையும் இருக்கிறபடியே படிக்கவேண்டும். இன்று காலையிலிருந்து மூன்று தடவை சத்தமாகப் படித்துப் பழகினேன், தடங்கலில்லாமல் வருகிறது. ஆனால் அவளுக்கு உங்கள் முகம், அக்கா. நிமிர்ந்து பார்க்காமல் படித்துவிட வேண்டும்.