கிணற்றில் தேங்கிய மூச்சு

ஐப்பசி, புதன் இரவு.

"மண்ணு மூச்சு விடுமா சார்?" என்று முன்பு வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். விடும் என்றேன். இலை காற்றிலிருந்து எடுத்த கரி, இலையோடு உதிர்ந்து மண்ணுக்குள் மட்குகிறது. மழை ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாக வெளிவிடுகின்றன.

நான்கு நாள் மழைக்குப் பின் இன்று கன்னிவாடியில், தங்கை வீட்டுக் கிணற்று மோட்டார் ஓடவில்லை. அவள் கணவர் முருகேசன் செல்போன் டார்ச்சை வாளியில் வைத்து இறக்கினார்.

"லைட்டு எரியுது பாருங்க மச்சான். உள்ள காத்து இருக்கு. எறங்குறேன்."

"டார்ச்சு எரிய எதுக்கு மாப்ள காத்து? செத்த நேரம் பொறுங்க."

மெழுகுவர்த்தியை ஏற்றி இறக்கினேன். வெளியே இலைகூட அசையவில்லை. பாதிக் கிணற்றில், யாரோ ஊதியதுபோல் அணைந்தது. மூன்று முறையும் அதே ஆழத்தில்.

முருகேசன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். ஆனாலும், "நாளைக்கு எறங்கிப் பாப்போம்" என்றார். அந்தக் கரியமில வாயு நாளைக்கும் அங்கேதான் இருக்கும். காற்றைவிடக் கனமானது, தண்ணீரைப் போலப் பள்ளத்தில் தேங்கும்.

எனக்கு நானே எழுதிவைப்பது: விடிந்ததும் அவர் கண்முன்னே டம்ளரில் சோடா உப்பைப் போட்டு எலுமிச்சை பிழி. நுரை அடங்கியதும், உள்ளிருக்கும் கண்ணுக்குத் தெரியாத அதே வாயுவை மட்டும் எரியும் மெழுகுவர்த்தி மேல் சாய்த்துப் பார்.