சிவப்பில் நின்ற பத்தொன்பது வேலைகள்

ஜூன் 3

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எனக்குத்தான் எழுத்து ஒட்டவே இல்லையே. பல்கலைக்கழகத்தில் முப்பத்தொரு வருடமாக விளக்கும் மின்விசிறியும் பழுது பார்ப்பது நான்தான். இன்று எங்கள் கைபேசியில் ஒரு செயலி ஏற்றிக் கொடுத்தார்கள். இனி வேலை அதில்தான் வருமாம்; முடித்ததும் அதில்தான் தட்ட வேண்டுமாம். பயிற்சி என்று ஒருவர் இரண்டு மணி நேரம் திரையைப் பார்த்தே பேசினார். "சந்தேகம் இருக்கா?" என்றார். நாற்பது பேரும் வாயில் கோந்து தடவியது போல உட்கார்ந்திருந்தோம்.

ஜூன் 5

நூலகத்தில் பதிவேடு பார்க்கும் ஓர் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வந்த வேலையைக் கைபேசியே படித்துச் சொல்லும்படி செய்து கொடுத்தார். "எழுத்தப் பாக்காதீங்கண்ணே. கீழ ஒரு கட்டம் இருக்குதா? வேலை முடிஞ்சா அதத் தட்டுங்க." கால் மணி நேரம்தான். மண்டையில் ஏறிவிட்டது.

ஜூன் 16

திரையில் நிறமெல்லாம் மாறியிருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பழைய இடத்திலேயே தட்டி வருகிறேன்.

ஜூன் 27

பராமரிப்பு அதிகாரி கூப்பிட்டு ஒரு கடிதம் படித்தார். பத்தொன்பது வேலை நான் செய்யவில்லையாம். தக்க பதில் இல்லையென்றால் இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறதாம். அதில் ஏழாவது, அவருடைய அறை விளக்கு! அந்த வெளிச்சத்தில்தான் ஐயா படிக்கிறார்.

"மேல பாருங்க சார்" என்றேன்.

"சிஸ்டத்துல முடியலன்னு சிவப்பா இருக்குது, பெரியவரே."

தலைக்கு மேல் எரிவது பொய், திரையில் தெரிவது மெய்! அவரை நான் சொன்ன சொல்லை எழுத மாட்டேன் என்கிறாள் மகள். "வேணாம்ப்பா, நோட்டு நாறும்."

ஜூன் 28

நூலக அம்மா பார்த்துச் சொன்னார்: நான் தட்டி வந்த அந்த இடத்தில் இப்போது 'பிறகு செய்கிறேன்' என்று இருக்கிறதாம். யாரைக் கேட்டு மாற்றினார்கள்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டு, வழி ஏன் தவறினாய் என்று கடிதமா? தெரியாததில் எனக்கு வெட்கமில்லை. செய்த வேலையைச் செய்யவில்லை என்கிறானே!

ஜூன் 29

பதில் கடிதம் கொடுக்கவில்லை. அதிகாரி முன் நின்று பத்தொன்பதையும் வாயாலேயே சொன்னேன். எந்த அறை, என்ன பழுது, எந்தக் கிழமை.

"வாங்க சார், நடந்தே பாத்துரலாம்."

"அதுக்கெல்லாம் நேரமில்ல."

கூட வந்திருந்த நூலக அம்மா விடவில்லை. "மொதல் வேலை பக்கத்து ரூம்தான் சார். செருப்பு தேயாது."

நடந்தார். நான் சுவிட்சைப் போடப் போட அவர் அண்ணாந்து பார்த்தார். பதினொன்று முடிந்ததும் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போதும் பெரியவரே."

"இன்னும் எட்டு இருக்குது சார்."

எட்டையும் காட்டினேன்.

ஜூலை 1

வேலைக்கு வரச் சொன்னார்கள். மன்னிப்பு? மூச்!

ஜூலை 9

செயலியைச் செய்த பெண்ணை அதிகாரி அனுப்பியிருந்தார். ஏணியின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க என் பின்னால் வந்தாள். மாலையில் நான் மேலே நின்று கம்பி முறுக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு கையும் மேல இருக்குதே. எதாலய்யா தட்டுவீங்க?"

"அதத்தாம்மா யாரும் கேக்கல."

"அப்ப முடிஞ்சுதுன்னு வாயால சொன்னாப் போதுங்கற மாதிரி மாத்துறேன். மாத்துறதுக்கு முன்னாடி ஒங்ககிட்ட காட்டுறேன்."

பார்க்கலாம். ஏணியை நன்றாகத்தான் பிடிக்கிறாள்.